கோட்டைக்குள் ஓர் இரவு

ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர் என்ற செய்தி கிடைத்ததும், திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே புகுவது வழக்கம். பத்மநாபசுவாமி தரிசனம், கோவளக் கடற்கரை, மிருகக்காட்சிசாலை ஆகியவற்றிற்கு அழைத்துச் செல்வது எளிது. ஆனால், ஒன்பது பேர் வந்தால் இரவில் எங்கே படுக்க வைப்பது? இரண்டு அறைக் குடியிருப்பில் நால்வர் படுத்தாலே ஐந்தாமவரின் கால் அடுப்பங்கரையில் இருக்கும். முன்பெல்லாம் தம்பானூரில் ஒரு சாதாரண விடுதியைப் பிடித்துக் கொடுத்தால் போதும். இப்போதோ வருகிறவர்களே, "பழைய மாளிகைகளை விடுதியாக்கியிருக்கிறார்களாமே, அங்கே ஓர் இரவு தங்கலாமா?" என்று கேட்கின்றனர். அத்தகைய விடுதிகளைப் பற்றியும், அவற்றின் உபசாரத்தை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றியும் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டமையால் இதனை எழுதப் புகுந்தோம்.

முதலில், பாரம்பரிய விடுதி என்பது யாரும் தம் விருப்பம்போல் சூட்டிக்கொள்ளும் பெயர் அன்று. இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் அதற்கென ஒரு வகைப்பாடு வைத்துள்ளது. 1950-க்கு முன் கட்டப்பட்ட கோட்டை, அரண்மனை, வேட்டை மாளிகை, பெருவீடு ஆகியவையே அதில் சேரும். குறைந்தது 5 அறைகளேனும் இருத்தல் வேண்டும். ஆயினும், பெயர்ப்பலகையில் அச்சொல்லை எழுதியுள்ளவை எல்லாம் அந்தச் சான்றிதழைப் பெற்றவை அல்ல. பதிவு செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம்.

இடிந்த கோட்டை ஒன்றை விடுதியாக்கலாம் என்று வட நாட்டில் காட்டியது ராஜஸ்தானத்து நீம்ரானா. 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டையான அது பாழடைந்து கிடந்தது. பழுதுபார்க்கப்பட்டு 1991-இல் விருந்தினர்க்குத் திறக்கப்பட்டது. இலங்கையின் காலிக் கோட்டைக்குள் 1865 முதல் நியூ ஓரியண்டல் ஹோட்டல் என்ற பெயரில் நடந்த விடுதி, இன்று அமன்கல்லா என வழங்குகிறது. நம் திருவனந்தபுரத்தின் கதையோ சற்றுச் சிக்கலானது. கோவளத்துக் குன்றின்மேல் நிற்கும் ஹால்சியன் மாளிகை 1932-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் ஓய்வில்லமாக எழுந்தது. 1964-இல் அதனைக் கேரள அரசு வாங்கிற்று. பின்னர் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம் போயிற்று. அதன் அருகே, குன்றின் சரிவோடு சரிவாக இறங்கும் விடுதியை வடிவமைத்தவர் சார்ல்ஸ் கொரியா என்னும் பேர்பெற்ற கட்டடக் கலைஞர். 2002-இல் அனைத்தும் தனியாருக்கு விற்கப்பட்டன. மாளிகையை மீட்க 2005-இல் கேரள சட்டசபை ஒரு சட்டமே இயற்றியது, 2011-இல் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது, மேல்முறையீடும் பலிக்கவில்லை. 2017-இல், உரிமை வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடாமல், மாளிகையைத் தனியாரிடமே ஒப்படைக்க அமைச்சரவை முடிவு செய்தது. பொதுச் சொத்தாக இருந்த ஒரு மாளிகைக்காக இத்தனை ஆண்டுகள் வழக்காடினார்களே, அது வீண் என்று நமக்குத் தோன்றவில்லை. பழைய சுவர் யாருடையது என்ற கேள்வி, வாயிலில் யாரை உள்ளே விடுவார்கள் என்ற கேள்விதானே!

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு வருவோம். மார்த்தாண்டவர்மர் காலத்துப் பணியான இக்கோட்டையின் மதில் பல இடங்களில் அழிந்துவிட்டது. எனினும் கிழக்கு வாயிலும் வெட்டிமுறிச்ச கோட்டையும் இன்றும் நிற்கின்றன. இக்கோட்டைக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தினர் மூவர் உண்டு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக எழுந்தருளுகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை. களியக்காவிளையில் இரு மாநிலத்தாரும் நின்று மரியாதை செய்கின்றனர். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள்ளே மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. விருந்தினரை எங்கே இறக்குவது என்பதில் இந்நகருக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு என்பதற்காகவே இதனைச் சொன்னோம்.

ஆனால் அந்தப் பழைய உபசாரம் எல்லார்க்கும் உரியதாக இருந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையில் ஒரே வேளையில் ஆயிரம் பேர்க்கு இலை போட முடியும். போட்டதோ அந்தணர்க்கு மட்டுமே. கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் சில சாதியார் நடக்கலாகாது என்ற கட்டுப்பாடு திருவிதாங்கூரில் இருந்ததையும், அதற்கு எதிராக 1924-இல் வைக்கத்தில் கிளர்ச்சி எழுந்ததையும், பெரியார் அங்கே சிறை சென்றதையும் அன்பர்கள் அறிவர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னரின் பிரகடனத்தால்தான் அரசின் ஆட்சிக்குட்பட்ட கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

சென்ற ஆண்டு நம் தமக்கையார் குடும்பத்தினர் அகஸ்தீஸ்வரம் பக்கத்திலிருந்து வந்திருந்தனர். தமக்கையாரின் மாமியார், நாம் அத்தை என்று அழைப்பவர், எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். அவருடைய தகப்பனார் பனையேறிப் பிழைத்தவர். கருப்பட்டி விற்கச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தும், கோட்டைக்கு உட்புறம் காலெடுத்து வைத்ததில்லை என்று அடிக்கடி சொல்வாராம். கோட்டைப் பகுதியில் பழைய வீடொன்றை விடுதியாக்கியிருந்த இடத்தில் இரண்டு அறைகள் பிடித்தோம். துணைக்கு நாமும் அங்கேயே தங்கினோம். வண்டி மதிலைக் கடந்தபோது அத்தை நம் கையைப் பற்றி, "மக்களே, இதுக்குள்ளேயா நாம இன்னைக்கு உறங்கப் போறது?" என்று கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

விடுதியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாமும் பயணிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின் உட்புறம் உட்கார்ந்து நாளெல்லாம் பிறர் குறை கேட்பவர்கள். ஒரு நாள் அனுபவத்தைக் கொண்டு ஒரு நிறுவனத்தை ஊரறியத் தூற்றுவது முறையன்று. ஆயினும், சாளரத்தின் உட்புறம் இருப்பவர்க்கு ஒரு வசதி உண்டு. எந்தக் குறை தவிர்க்க முடியாதது, எது சோம்பலால் வந்தது என்று எளிதில் தெரிந்துவிடும். மழையால் வண்டி தாமதமாகலாம்; எப்போது வரும் என்று கேட்பவர்க்குப் பதில் சொல்லாமல் இருப்பது மழையால் அன்று.

வீடு அழகானது என்பதில் ஐயமில்லை. நான்கு புறமும் தாழ்வாரம் சூழ்ந்த நடுமுற்றம், சாய்ந்து உட்காரும் மரத் திண்ணை, வெட்டுக்கல் சுவர், ஓட்டுக்கூரை. உச்சி வேளையிலும் மின்விசிறி இன்றி இருக்கலாம். ஆனால் எங்கள் அறையின் ஒரு சுவர் இடுப்பளவுக்கு ஈரம் கோத்து, வர்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. மேலாளரை வினவியபோது, "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்றார். உண்மை அதுவன்று. வெட்டுக்கல் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினால், உள்ளே ஏறும் ஈரம் மெல்ல வெளியேறிவிடும். அச்சுவர்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு வர்ணத்தைத் தள்ளும். முன்னோர் செய்தது சரி. அண்மையில் செலவைச் சுருக்கிப் பழுது பார்த்ததே பிழை. இத்தகைய விடுதிகளில் பாரம்பரியம் என்னும் சொல் பல வேளைகளில் இப்படிக் கிழிசலை மூடும் போர்வையாகிவிடுகிறது. உயர்ந்த வாசற்படியும், தலை குனிந்து நுழையும் நிலையும், நடந்தால் முனகும் மாடிப் பலகையும் பழமையைச் சேர்ந்தவை. அவற்றைக் குறை கூறலாகாது. வெந்நீர் வராத குழாயும், துவைத்த மணம் இல்லாத விரிப்பும் எந்த நூற்றாண்டையும் சேர்ந்தவை அல்ல.

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் வெளிநாட்டார் இருவரை எழுந்து நின்று வணங்கி, இளநீர் கொடுத்து வரவேற்றார். அடுத்து நின்ற அத்தையின் ஓலைப்பெட்டியைப் பார்த்துவிட்டு, சாமான்களைப் பக்கவாட்டு வழியாகக் கொண்டு வரலாம் என்றார். அத்தை தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில், அதுவும் நம்மைப் பார்த்து, விடை சொன்னார். இந்நகரில் தமிழ் புரியாதவர் அரிது. நாம் அவரிடம், பணம் கொடுத்து அறை எடுத்தவர் இந்த அம்மையார், முன்வாசல் வழியாகவே வருவார் என்றோம். அவர் மறுக்கவில்லை; முகம் மட்டும் சற்றுச் சுருங்கிற்று.

முன்வாசல் படியோ முழங்கால் உயரம். அத்தை அதனைப் பார்த்துத் தயங்கி நின்றபோதுதான், அறைப் பணி செய்யும் ஓர் இளைஞர் முற்றத்திலிருந்து ஓடி வந்தார். "கொஞ்சம் நில்லுங்க பாட்டி" என்று கொங்குச் சாயல் கலந்த தமிழில் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஓர் அகன்ற பலகையைக் கொண்டுவந்து படியின்மேல் சாய்த்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எந்த ஊர் என்று விசாரித்தோம். ஒடிஷாவிலிருந்து வந்தவராம், திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் இருந்தபோது தமிழ் கற்றாராம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம்மைப் போன்ற ஒருவர், நம்மினும் தொலைவிலிருந்து வந்து, நம் மொழியில் நம்மை வரவேற்கிறார்! இரவு அத்தைக்குப் பதிமுகம் இட்ட வெந்நீரைச் செம்பில் கொண்டுவந்து வைத்தார். தரை ஈரமாக இருந்த குளியலறையில் கோணியை விரித்தார். விடியற்காலைத் தரிசனத்திற்கு நாலு மணிக்கு எழுப்பவேண்டும் என்று சொன்னதை மறவாமல் கதவைத் தட்டினார்.

சாப்பாட்டைப் பற்றி விரிக்க ஒன்றுமில்லை. புட்டும் கடலையும் நன்று. சாம்பாரில் வெல்லம் சற்று அதிகம்.

காலையில் பில் வந்தது. அதில் சேவைக் கட்டணம் என்று நூற்றுக்குப் பத்து சேர்த்திருந்தனர். இது அன்பர்கள் அறிந்திருக்கவேண்டிய விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, விடுதிகளும் உணவகங்களும் இக்கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்த்தல் கூடாது. தருவதும் தராததும் விருந்தினர் விருப்பம். 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அரசு வரி வேறு, இது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு ரூ. 7,500 வரையுள்ள அறைக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். இதைக் கொடுத்தே ஆகவேண்டும். சேவைக் கட்டணத்தை நீக்கச் சொன்னோம். மேசை இளைஞர் உள்ளே போய், கால்மணி நேரம் கழித்து, நீக்கிய பில்லோடு வந்தார். அந்தத் தொகை பணியாளர்க்குப் போய்ச் சேருமா என்று ஒடிஷா இளைஞரைத் தனியே கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை. அதே தொகையை அவர் கையில் கொடுத்தோம். அவர் உறங்குமிடம் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் சாத்தியிருக்கும் மூலையில் ஒரு பாய் என்பதையும் அப்போது கண்டோம். மரம் இழைத்துச் செதுக்கிய அந்த மாடிப்படியைத்தான் விருந்தினர் எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

இத்தகைய விடுதிக்கு முதியோரை அழைத்துச் செல்லும் அன்பர்கள் கீழ்த்தள அறையையே கேட்டுப் பெறுக. வாசற்படியின் உயரத்தையும் குளியலறையில் பிடிமானம் உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க. முற்றத்தை அடுத்த அறையில் காற்று வரும், கொசுவும் வரும், வலை கேளுங்கள். ஓரிரவு தலைசாய்த்தால் போதும் என்பவர்க்கு நம் சென்ட்ரல் நிலையத்தின் ஓய்வறையே போதுமானது. 1931-இல் எழுந்த அந்தக் கருங்கல் கட்டடமும் பழைமையில் குறைந்ததன்று, பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம்.

புறப்படும் வேளையில் விருந்தினர் புத்தகத்தை நீட்டினர். 1867-இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய சராய்ச் சட்டத்தில், சத்திரம் நடத்துவோர் அறைகளையும் கிணற்றையும் துப்புரவாக வைத்திருப்பதோடு, கட்டணப் பட்டியலை நீதிபதி குறிப்பிடும் மொழிகளில் தொங்கவிடவேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அது நினைவுக்கு வந்தது. முன்பக்கங்களில் எல்லாரும் மரவேலைப்பாட்டையும் முற்றத்து நிலவையும் புகழ்ந்து எழுதியிருந்தனர். நாம் தமிழில் எழுதினோம்: கட்டணப் பட்டியலை மலையாளத்திலும் தமிழிலும் வைக்கவும், சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசவும், முன்வாசலில் அந்தப் பலகையை எப்போதும் போட்டு வைக்கவும், அதனைக் கொண்டுவந்தவர்க்குப் படுக்க ஓர் அறை தரவும். அத்தைக்கு எழுதத் தெரியாது. பேனாவை வாங்கி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, முன்வாசல் வழியாகப் பலகையின்மேல் இறங்கிப் போனார்.