பெட்ரோலைக் கடன் வாங்கும் சுவர்

நீலகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. கேட்டைத் தாண்டி ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஒரு கணம் எதுவுமே நடப்பதில்லை. பிறகு ஒரு குலுக்கல், அதன்பின் ஒரு பாய்ச்சல். பத்து நிமிடம் ஓடிவிட்டால் நோய் போன இடம் தெரியாது. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, டேங்கில் ஊற்றும் அற்புதத் திரவமும் ஊற்றியாயிற்று. “எல்லாம் இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் சார். எத்தனால்தானே காரணம்?”

ஆம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும், கைதட்டலும் கிடைக்கும். 20 சதவீத எத்தனால் நாடெங்கும் பரவியதிலிருந்து காரில் ஹாரன் அடிக்காவிட்டால்கூடப் பழி அதன்மேல்தான். எதிர்த்தரப்போ, கரும்பு விவசாயியின் வாழ்வையும் நாட்டின் அந்நியச் செலாவணியையும் காட்டி, இன்ஜினுக்கு ஒரு குறையும் வராது என்கிறது. இரண்டு பேரும் சற்றுப் பொறுக்கட்டும். எத்தனாலைக் கண்ணால் பார்த்திராத காலத்திலேயே கார்கள் குளிர்காலையில் இப்படித்தான் திணறிக்கொண்டிருந்தன.

வாசகரின் கடிதத்திலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது. இன்ஜின் கிளம்புகிறது, ஐடிலில் நிற்கிறது, ஓடவும் செய்கிறது. தேவை திடீரென்று மாறும் அந்த ஒரு கணத்தில் மட்டும்தான் விழுகிறது. அதே குளிரில், அதே ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டு மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். திணறல் காணாமல் போனால், பிளக், காயில், ஃபியூவல் பம்ப் மூன்றும் பெரும்பாலும் நிரபராதிகள். அவை கெட்டிருந்தால் மெல்ல அழுத்தினாலும் கெட்டதுதான். பெட்ரோல் போதாமல் இல்லை, தாமதமாகப் போகிறது.

எங்கே தாமதம்? இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல் பனிப்புகை போல நேரே சிலிண்டருக்குள் போகிறது என்றுதான் விளம்பரப் படங்கள் காட்டுகின்றன. இந்த வயதுக் கார்களில் இன்ஜெக்டர் இருப்பது சிலிண்டருக்கு வெளியே, இன்டேக் வால்வின் முதுகைப் பார்த்தபடி. அது பீய்ச்சுவதில் கணிசமான பங்கு வால்வின் முதுகிலும் போர்ட்டின் சுவரிலும் பட்டு அங்கேயே ஈரப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல. அதில் 35 டிகிரியிலேயே கொதிப்பதும் உண்டு, 200 டிகிரி வரை அசையாததும் உண்டு. குளிர்ந்த உலோகத்தின்மேல் லேசான சரக்கு மட்டும் ஆவியாகும், கனமானது படலத்தில் தங்கிவிடும். தீப்பொறிக்கு வேண்டியதோ ஆவி. திரவத்தை அது சீண்டாது.

இந்தப் படலத்தை உங்கள் மச்சானாக வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 10,000 ரூபாய். மச்சான் வந்து அதில் 30 சதவீதத்தைக் கைமாற்றாக வாங்கிப் போகிறான். ஆனால் யோக்கியன். பழைய பாக்கியில் ஒரு பகுதியை மாதாமாதம் திருப்பித் தருகிறான். நாளடைவில் வாங்குவதும் 3,000, தருவதும் 3,000 என்று சமனாகிவிடும். வீட்டுக்குப் பத்தாயிரமும் வந்து சேர்கிறது, மச்சான் என்று ஒருவன் நடுவில் இருப்பதே தெரிவதில்லை. சீரான வேகத்தில் ஓடும் இன்ஜின் இப்படித்தான் இருக்கிறது.

இப்போது வீட்டுச் செலவு இரட்டிப்பாகிறது, சம்பளமும் அன்றே 20,000 ஆகிறது. அதாவது நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்கள், காற்று இரு மடங்கு உள்ளே வந்தது, இன்ஜினை ஆளும் கணினியான இசிஎம் பெட்ரோலையும் சரியாக இரு மடங்கு ஆக்கியது. மச்சான் புதிய சம்பளத்தில் 30 சதவீதமாக 6,000 எடுத்துக்கொள்கிறான். திருப்பித் தருவதோ பழைய பாக்கியின் கணக்குப்படி 3,000தான். கையில் நிற்பது 17,000. ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு இருக்க வேண்டிய இடத்தில் 17ஐத் தாண்டிவிட்டது. சூடான இன்ஜின் முணுமுணுத்துக்கொண்டே சமாளித்துவிடும்.

மார்கழிக் குளிரில் மச்சானின் குணம் மாறுகிறது. எடுப்பது 60 சதவீதம், திருப்பித் தருவதும் நிதானம். அதே கணக்கைப் போட்டால் 20,000இல் அவன் எடுப்பது 12,000, தருவது 6,000, வீட்டுக்கு வருவது 14,000. காற்று 21 பங்கு. இந்தக் கலவை பற்றவே பற்றாது, அல்லது பாதியில் அணையும். இன்டேக் பக்கமாக ஒரு ‘டப்’ சத்தமும் கேட்கலாம். நீங்கள் உணரும் அந்த வெற்றுக் கணம் இதுதான். போதாக்குறைக்கு, த்ராட்டில் திறந்ததும் மேனிஃபோல்டில் இருந்த வேக்கம் சரிகிறது. குறைந்த அழுத்தத்தில் எளிதாக ஆவியான பெட்ரோல் இப்போது அடம்பிடிக்கிறது. சம்பளம் கூடிய அதே நாளில் மச்சான் கையையும் இறுக்கிக்கொள்கிறான். பாக்கி புதிய அளவுக்கு வளர்ந்ததும் வரவுசெலவு மறுபடி சமனாகும், கார் பாயும். காலை எடுத்தால் எல்லாம் தலைகீழ்: சம்பளம் குறைந்த பிறகும் அவன் பெரிய பாக்கியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பான், பெட்ரோல் கூடிப்போகும். (ரூபாய்க் கணக்கு விளங்குவதற்காகப் போட்டது. உங்கள் காரின் சதவீதம் வேறு.)

வரலாறு இல்லாமல் அனுப்பினால் ஆசிரியர் விடமாட்டார். தெளிப்புக் கார்புரேட்டரை ஹங்கேரியின் பான்கியும் சோன்காவும் கண்டுபிடித்தார்கள் என்று புடாபெஸ்டில் சொல்வார்கள், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் என்பார்கள். இரு தரப்பும் காட்டும் ஆண்டு 1893. பிற்காலக் கார்புரேட்டர்களில் ஆக்ஸிலேட்டர் பம்ப் வந்தது: மிதித்ததும் ஒரு மடக்குப் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும் எளிய கருவி. ஃபோர்டு நிறுவனத்தின் அகினோ 1981இல் ஒட்டும் பங்கு, ஆவியாகும் காலம் என்ற இரண்டே எண்களால் படலத்தைக் கணக்கில் கொண்டுவந்தார். வரலாறு போதும்.

இன்ஜெக்ஷன் காரில் ஆக்ஸிலேட்டர் பம்பின் வேலையை இசிஎம் செய்கிறது. மிதித்ததும் மச்சானுக்கென்றே தனியாக ஒரு தொகை ஒதுக்குகிறது. எவ்வளவு ஒதுக்குவது? அதற்கு அவன் இன்று எந்த மனநிலையில் இருக்கிறான் என்று தெரிய வேண்டும். அந்த உளவைச் சொல்லும் மாமியார்தான் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். மாமியார் தவறாகச் சொன்னால் குடும்பம் கவிழ்ந்தது. (உவமையை இதற்கு மேல் இழுத்தால் என் வீட்டிலேயே பிரச்சினை வரும்.)

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆளும் இந்த சென்சார்தான். கார் தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓபிடி ஏற்பாடு நம் நாட்டில் கட்டாயமாகத் தொடங்கியதே 2010இல். இருபது வயதுக் காருடன் மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். மல்ட்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன், சென்சாரின் இணைப்பைக் கழற்றி மின்தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான சென்சார்கள் 20 டிகிரியில் 2 முதல் 2.5 கிலோ ஓம், உறைநிலையில் 5 முதல் 6 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டிக் காட்டும். பனி கொட்டும் காலையில் 800 ஓம் காட்டினால், இன்ஜின் 50 டிகிரியில் இதமாக இருப்பதாக அது இசிஎம்மிடம் புளுகுகிறது என்று அர்த்தம். இணைப்பில் துரு ஏறியிருந்தால் விளைவு எதிர்த்திசையில் போகும். தடை கூடும், இன்ஜின் இன்னும் குளிர்ந்ததாகத் தோன்றும், பெட்ரோல் கூடிக் கரும்புகை வரும். ஆகவே புகையின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் அறுந்தே போனால் இசிஎம் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். நம்பும்படி பொய் சொல்வதுதான் ஆபத்து.

சென்சார் சரியா? ‘ஏர் இழுக்குதா’ என்று பாருங்கள். விறைத்துப்போன வேக்கம் ஹோஸ், வெடித்த கேஸ்கெட் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழையலாம். சூடேறிய பிறகு ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுகொண்டு பெட்ரோலைச் சற்றுக் கூட்டி மறைத்துவிடும். அது விழிப்பதற்கு 300 டிகிரி வெப்பமாவது வேண்டும், அதுவரை இசிஎம் மனப்பாடக் கணக்கில்தான் ஓடுகிறது. ‘பத்து நிமிடத்தில் சரியாகிறது’ என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டையும் விசாரியுங்கள். ‘இன்ஜின் ஹீட் ஆகாது சார்’ என்று அதைக் கழற்றி எறிவது நம்மூர் பட்டறைகளின் பழைய பழக்கம். சமவெளியில் அதன் தீமை லேசில் தெரியாது. ஊட்டியில் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் தவிக்கும், திணறல் நேரமும் அவ்வளவுக்கு நீளும்.

அடுத்தது வால்வின் முதுகில் படியும் கரி. அது பஞ்சு மாதிரி பெட்ரோலைக் குடித்துவைத்துக்கொள்ளும். இப்படி வால்வின் முதுகில் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷன் 1980களில் பரவியபோது அமெரிக்காவில் இதனால் பெரிய தலைவலி. கரியை அளக்க பிஎம்டபிள்யூ 318ஐ காரை 10,000 மைல் ஓட்டும் சோதனை ஒன்றே உருவானது. 1995 முதல் அங்கே எல்லாப் பெட்ரோலிலும் கரி தடுக்கும் சேர்மானம் கட்டாயம். ஆகவே பாட்டில் திரவம் முழுப் பித்தலாட்டம் அல்ல. ஆனால் அது கரைப்பது, கரைக்கும் வகை என்றால், கரியை மட்டும்தான். சென்சாரின் பொய்யையும் ஹோஸின் ஓட்டையையும் எந்த பாட்டிலும் கரைக்காது. நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய இன்ஜின்களில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. அவற்றுக்கு ‘வால்வு சுத்தம்’ என்று இதை விற்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வரலாம்.

எத்தனாலுக்கு வருவோம். அதற்கும் பங்கு உண்டு. ஆவியாவதற்குப் பெட்ரோலைப் போல இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சும், குளிர்ந்த சுவரை இன்னும் குளிர்விக்கும். தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருப்பதால் 10 சதவீதக் கலப்பிலிருந்து 20க்குப் போகையில் கலவை சுமார் 4 சதவீதம் மெலியும். மறுபக்கம், லேசான ஹைட்ரோகார்பன்களோடு சேர்ந்து அது சீக்கிரம் ஆவியாகவும் உதவுகிறது. அமெரிக்கப் பெட்ரோல் தரவிதியில் குளிர்ந்த கார் எவ்வளவு திணறும் என்பதற்கே ஒரு குறியீட்டு எண் உண்டு. பாதிப் பெட்ரோல் ஆவியாகும் வெப்பநிலைக்கு அதில் மும்மடங்கு எடை, எத்தனாலுக்குத் தனியாக ஓர் அபராதக் கூட்டல். இந்தத் திணறலை அளக்கும் சோதனைகளில் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தயக்கத்துக்கும் குறைமதிப்பெண் போடுகிறார்கள். ஆக, விளைவு உண்மை, அளவு சிறிது. நம் மார்கழிக் கணக்கில் படலம் நிகரமாக விழுங்கியது 30 சதவீதம். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் காரை அந்த 4 சதவீதம் தள்ளிவிடலாம், நல்ல நிலையில் உள்ளதைத் தள்ளாது. கார்புரேட்டர் வண்டியென்றால் உதகையின் 2,200 மீட்டர் உயரத்துக் காற்று மெலிவே கலவையைக் கெட்டியாக்கி, மலையேறி வந்த வண்டியில் அந்த நாலைச் சாப்பிட்டுவிடும்.

கார்புரேட்டர்காரர்களுக்கு எத்தனால் விஷயத்தில் நியாயமான கவலை வேறு: ரப்பர். பழைய ஆக்ஸிலேட்டர் பம்பின் டயஃப்ரம் எத்தனாலில் ஊறி உப்பியோ விறைத்தோ போகலாம். இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் பார்த்துக்கொண்டு, த்ராட்டிலைக் கையால் சட்டென்று திருப்புங்கள். அசைந்த நொடியிலேயே கம்பி மாதிரி நேராகப் பெட்ரோல் பாய வேண்டும். தாமதித்தோ சொட்டியோ வந்தால் டயஃப்ரம் போயிற்று, காசு அதிகமில்லை. மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.