உங்களுக்குத் தெரியுமா? மாபு மலையின் பட்டாம்பூச்சிக் காடு!

பெயர் மாபு. நாடு மொசாம்பிக். ஜாம்பேசியா மாகாணத்தில், சுமார் 1,700 மீட்டர் உயர மலை. அதைப் போர்த்திக்கொண்டு ஒரு மழைக்காடு. 2005 வரை எந்த அறிவியல் ஏட்டிலும் இந்தக் காடு கிடையாது!

எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஜூலியன் பேலிஸ் என்ற விஞ்ஞானி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கூகுள் எர்த்தில் மலை மலையாகத் தேடினார். ஒரு கரும்பச்சைத் திட்டு கண்ணில் பட்டது. அவ்வளவுதான்! அதனால்தான் இதற்குச் செல்லப் பெயர் ‘கூகுள் காடு’!

அடிவாரத்து மக்களுக்கோ இது புதுசே இல்லை! 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், துப்பாக்கிக்குத் தப்பி அவர்கள் ஒளிந்துகொண்டதே இந்தக் காட்டுக்குள்தான். கண்டுபிடித்த பெருமையில் பாதியையாவது அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்!

எவ்வளவு பெரிய காடு? சுமார் 7,000 ஹெக்டேர்! ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில், நடுத்தர உயரத்தில் இருக்கும் மழைக்காடுகளில் இதுதான் பெரியது!

வண்டி எதுவரை போகும்? கைவிடப்பட்ட ஒரு பழைய தேயிலைத் தோட்டம் வரை. அப்புறம் நடராஜா சர்வீஸ்தான்! 2008-இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைமையில் 28 பேர் கிளம்பினார்கள். மூட்டை தூக்க மட்டும் 70 பேர்!

மூன்றே வாரம். புது இனப் பட்டாம்பூச்சிகள் 3! தாவர மாதிரிகள் 500-க்கும் மேல்!

அதில் ஒரு பட்டாம்பூச்சிக்கு சைமோத்தோ பேலிசி என்று பெயர். ஆமாம், அதே பேலிஸ்தான்! மொசாம்பிக்கைத் தாண்டி இதை எங்கேயும் பார்க்க முடியாது. 2010-இல் ஒரு பச்சோந்திக்கும் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

இப்போது சொல்லப்போவதைக் கேளுங்கள், நமக்கு ரொம்பப் பிடித்த செய்தி இதுதான். வெயில் ஏறியதும் ஆண் பட்டாம்பூச்சிகள் மலை உச்சிக்குப் பறந்துபோய்க் கூடிவிடுகின்றன. ஆளுக்கு ஓர் இடம் பிடித்து, போட்டிக்கு வருபவனை விரட்டிக்கொண்டே பெண்ணுக்காகக் காத்திருக்கின்றன. பெண் பட்டாம்பூச்சி ஆற அமர வந்து மாப்பிள்ளை பார்க்கும். சுயம்வரம்! நீங்கள் மாபுவுக்குப் போனால், மூச்சு வாங்கினாலும் சரி, உச்சி வரை ஏறாமல் திரும்பவே கூடாது!

உச்சிக்குப் போகும் வழியில் ஒரு புல்லுருவிச் செடி. இது வேறு மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்பட்டவர் தாவரவியல் அறிஞர் அல்ல, காலின் காங்டன் என்ற பட்டாம்பூச்சி நிபுணர்! சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் புல்லுருவி இலை தின்றே வளரும். அதனால் அவருக்குப் புல்லுருவி அத்துப்படி. கியூ ஆராய்ந்து பார்த்தது. உலகுக்கே புதிய இனம்!

பட்டாம்பூச்சியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள்! காலடியில் கபூன் விரியன் கிடக்கலாம். அதன் நச்சுப்பல் 5 சென்டிமீட்டர் நீளம். உலகத்தில் வேறெந்தப் பாம்புக்கும் இவ்வளவு நீளப் பல் இல்லை!

2009-இல் இங்கே புதிதாக அறிவிக்கப்பட்ட குட்டி விரியன் ஒன்றும் உண்டு. மாபு, நமுலி என்ற இரண்டு மலைகளில் மட்டுமே ஆளைப் பார்த்திருக்கிறார்கள்!

பேலிஸ் அத்தோடு விட்டாரா? மறுபடி கூகுள் எர்த், மறுபடி ஒரு பச்சைத் திட்டு! அது லிகோ மலை. நாலாபுறமும் செங்குத்துப் பாறை, தலைமேல் காடு. 2018-இல் மலையேற்ற வீரர்கள் கயிறு கட்டிக் கொடுக்க, விஞ்ஞானிகள் 125 மீட்டர் பாறையில் தொங்கியபடி ஏறினார்கள். மேலே போனால், ஓடை பிறக்கும் இடத்தில் மண்பானைகள்! அவர்களுக்கு முன்பே யாரோ ஏறியிருக்கிறார்கள்!

பறந்து வந்த பட்டாம்பூச்சிகளில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார்கள். அதுவும் புது இனம்!