எரிமலை முகட்டில் வரட்சி

எரிமலைச் சாம்பர் காலப்போக்கில் வளமிக்க மண்ணாகும் என்பது நாம் பள்ளியிற் பயின்ற பாடம். அது மழையுள்ள நிலத்துக்கே பொருந்தும். மழை பொய்த்தவிடத்து அந்நிலத்திற் செடிகொடிகள் படும் பாட்டை ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மாவுயித் தீவின் ஹலேயாக்கலா மலை நமக்கு விளக்குகின்றது.

3,055 மீற்றர் உயர்ந்த இவ்வெரிமலையின் உச்சிப் பள்ளத்தில் மண் மிகச் சிறிதே. செம்மையும் கருமையுமான எரிபரல்களே எங்கும் பரந்துள்ளன. பெய்த நீர் சல்லடையில் வார்த்தாற்போல் இறங்கி மறைகின்றது. பகலிற் கடுவெயில், இரவிற் சிலவேளை உறைபனி.

இங்கேதான் வெள்ளிவாள் எனப்படும் செடி வளர்கின்றது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வாளொத்த இலைகள் பந்துபோல் திரண்டு நிற்கும். அவற்றைப் போர்த்த வெண்மயிர் வெயிலைத் தெறிக்கச் செய்கின்றது. இலைக்குள்ளிருக்கும் கூழ்போன்ற பொருள் நீரைச் சேமிக்கின்றது. பல்லாண்டு பொறுத்திருந்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை சிந்தி இது மடியும்.

ஆடுகளும், செடியைப் பிடுங்கிச் சென்ற மனிதரும் 1920களில் இதனை அழியும் நிலைக்குக் கொணர்ந்தனர். காவல் ஏற்பட்டபின் அது பல்லாயிரமாய்ப் பெருகிற்று. எனினும் 1990களிலிருந்து மீண்டும் குறையலாயிற்று. இம்முறை காரணம் வரட்சியே. தடக்காற்றுக் கொணரும் முகில்கள் ஏறக்குறைய 2,000 மீற்றருக்கு மேல் எழாதவாறு, வெப்பமான உலர்காற்றுப் படையொன்று மூடிபோல் தடுப்பதுண்டு. அம்மூடி நீங்கும் வேளைகளிலேயே உச்சிக்கு நல்ல மழை கிட்டும். அண்மைப் பத்தாண்டுகளில் அவ்வேளைகள் அருகின.

மிகுதியாய் மடிந்தவை உலர்ந்த உச்சியில் நின்ற செடிகளே என நாம் எண்ணுவோம். ஆய்வாளர் கண்டதோ வேறு. தாழ்ந்த, ஈரமிக்க இடங்களில் நின்றவையே பெரிதும் மடிந்தன. ஈரத்திற் பழகிய செடிக்கு வரட்சியைத் தாங்கும் வலிமை குறைவாயிருந்தது.

இவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று. பூக்குமுன் பட்டுப்போன செடி ஒரு விதையையும் விட்டுச் செல்வதில்லை. பூத்த செடியும் தன் மகரந்தத்தால் தானே விதை கொள்ளமாட்டாது. அருகில் வேறொரு செடியும் பூத்திருத்தல் வேண்டும், பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்து செல்லவும் வேண்டும். செடிகள் அருகுந்தோறும் இவ்வாய்ப்பும் அருகும்.

ஆட்டை வேலியால் தடுத்தோம். பறிப்போரைச் சட்டத்தால் தடுத்தோம். மாறிவரும் வானிலைக்கு வேலியில்லை. ஈரநிலத்துச் செடி பிழைக்கும், வரண்ட நிலத்துச் செடி மடியும் என்னும் நம் எளிய கணக்கையும் இம்மலை திருத்திவிட்டது. எந்நாட்டிலாயினும் வரட்சியின் தீமையை அளக்கப் புகுவோர், எவ்வளவு மழை குறைந்தது என்பதோடு, அங்குள்ள உயிர்கள் எவ்வளவு மழைக்குப் பழகியிருந்தன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.