சுரண்டினால் வரும் ரத்தப் புள்ளி

காலை ஆறரைக்கு, தாராபுரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டிக்காக நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். கொளுத்தும் சித்திரையிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டவர் ஒருவராவது இருப்பார். முழங்கையில் வெள்ளி நிறச் செதில். கேட்டால், "சாயம் ஒத்துக்கலீங்க" என்பார்.

சாய ஒவ்வாமை வேறு. அது சாயம் பட்ட இடத்தில் அரிக்கும், சில சமயம் நீர்கோக்கும்; லீவு போட்டுச் சாயத்தை விட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் தணியும். முழங்கை, முழங்கால், தலையோரம் என்று தடித்து, வருஷக்கணக்கில் போவதும் வருவதுமாக இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். தொட்டால் ஒட்டாது.

பிசிறு வெட்டாத பீஸ்

மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ 4 வாரம் ஆகும். சொரியாசிஸில் நாலைந்து நாளிலேயே வந்து நிற்கிறது. ஷிப்மெண்ட் அவசரத்தில் பிசிறு வெட்டாமல் பெட்டிக்குப் போகும் பனியன் மாதிரி, உட்கருவைக்கூடக் கழிக்காத செல்கள் அடுக்கடுக்காகக் குவிகின்றன. செதில் அதுதான்.

கீழே ரத்தக்குழாய்

செதிலைப் பெயர்த்தால் குண்டூசி முனை அளவில் ரத்தம் துளிர்ப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டு வியன்னா மருத்துவர் ஆஸ்பிட்ஸ் பெயரால் இதை அழைக்கிறார்கள். எல்லாருக்கும் வராது, வருவதற்குக் காரணம் இருக்கிறது. உட்தோல் சின்னச் சின்ன மேடுகளாக மேல்தோலுக்குள் ஏறியிருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் ஒரு நுண்குழாய் வளைவு. அழற்சியில் அது நீண்டு, புடைத்து, முறுக்கிக்கொள்கிறது. மேட்டுக்கு மேலிருக்கும் தோலோ மெலிந்துவிடுகிறது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் சீராகப் பரவிய சிவப்புப் புள்ளிகள் தெரியும். பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பவர்கள் கிழிப்பது இந்தக் குழாய்களைத்தான். தோல் காயப்பட்ட இடத்தில் புதுத் தடிப்பும் கிளம்பலாம். இறுக்கமான எலாஸ்டிக் உரசும் இடுப்புகூடத் தப்பாது.

வெட்பாலை

நம் பக்கத்து மரம். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஞ்சிவப்பாகிவிடும். ஒரு காலத்தில் இதன் இலையிலிருந்து நீலச் சாயமே எடுத்தார்கள். சாயத்தைப் பழித்தவர் கடைசியில் சாய மரத்திடமே போவது வேடிக்கைதான். சொரியாசிஸுக்குச் சித்தத்தில் நெடுநாள் வழக்கிலிருக்கும் தைலம் இது. வறட்சி குறைகிறது என்பவர்கள் உண்டு. ஆனால் மூட்டு வீங்கினாலோ, காலையில் விரல் மடங்க மறுத்தாலோ தைலத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் உடம்பு முழுக்கச் சிவந்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் தந்த களிம்பால் செதில் உதிர்ந்த பிறகும் தடிப்பின் சிவப்பு பல வாரம் தங்கும். குழாய்கள் சுருங்க நாள் பிடிக்கும். களிம்பை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.