மோட்டார் வண்டியின் மூச்சுச் சாளரம்

ஆனி, ஆடித் திங்களில் தென்காசிப் பக்கம் சென்றவர்களுக்குச் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்துவரும் காற்றின் குளிர்ச்சி நன்கு தெரியும். மேற்கே மலை நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. அச்சுவரில் ஒரு வாயில் இருப்பதனால் அன்றோ அக்காற்று நம்மை வந்தடைகிறது! மோட்டார் வண்டியின் முகப்பிலும் இத்தகைய வாயில் ஒன்று உண்டு. முன்விளக்குகள் இரண்டிற்கும் நடுவே அமைந்த கம்பிக் கிராதியே அது. பட்டறைக்காரர்கள் அதனைக் ‘கிரில்’ என்பர். பழைய வண்டி ஒன்றுக்கு அதனைக் குறைந்த செலவில் நாமே செய்துகொள்ளலாமா என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் அதன் தொழில் யாது என்று அறிதல் வேண்டும். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும் நீரை, முகப்பு வழியே வரும் காற்றுக் குளிர்விக்கிறது. ஆகவே கிராதிக்குக் கடமைகள் இரண்டு. காற்றை உள்ளே விடுதல் ஒன்று. கல்லையும் வைக்கோலையும் தடுத்தல் மற்றொன்று. அழகு மூன்றாவதாகவே வரும்.

அந்த மூன்றாவதைப் பெரிதாக வளர்த்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள். பழைய, மலிவான ஃபோர்டு வண்டிகளை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி, வேகம் கூட்டி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் அவர்கள் ஓட்டினர். அத்தகைய வண்டிக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர். 1937-இல் அங்கே அதற்கெனச் சங்கமும், 1948-இல் அப்பெயரிலேயே ஒரு பத்திரிகையும் தோன்றின. 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டியின் முகம் அவர்களுக்கு மிக விருப்பமானது. கையில் பணம் குறைந்தவர்கள் உடைந்த வண்டிகளின் கம்பிகளையும், வளைத்த குழாய்களையும், மேசை இழுப்பறையின் பளபளக்கும் குமிழ்களையுங்கூடக் கொண்டு தம் வண்டிக்குப் புதுமுகம் அமைத்தனர்.

கிடைத்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்யும் திறமை நமக்கும் புதிதன்று. திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் மோட்டார்த் தொழிலை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, அவருடைய நிறுவனம் கரிவாயுவால் வண்டியோட்டும் சாதனத்தைச் செய்தளித்தது. வாயுவின் இயல்பை அறிந்து செய்தமையால் அச்சிக்கனம் பயன் தந்தது. இயல்பை அறியாமல் செய்தால் என்னவாகும் என்பதற்கு நானே சாட்சி.

என்னிடம் பயின்ற ஒருவர் பாளையங்கோட்டைக்கு அருகே சன்னல் கிராதி செய்யும் பட்டறை நடத்துகிறார். அவரிடம் பழைய அம்பாசிடர் ஒன்று உண்டு. 2014-இல் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. துருப்பிடித்த கிராதியை எடுத்துவிட்டு, துளைகள் நிறைந்த இரும்புத் தகட்டை வெட்டி அவரே பொருத்தியிருந்தார். பார்வைக்கு வெகு நேர்த்தி! சித்திரை வெயிலில் இருவரும் பாபநாசம் மலைப்பாதையில் ஏறினோம். பாதி வழியில் ஆவி சீறியது. அவர் பதறி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் பொங்கி முகத்தில் பாயும். எஞ்சின் முற்றும் ஆறும்வரை காத்திருந்தோம்.

“தண்ணீர் நிறைய ஊற்றித்தானே வந்தேன், சார்?” என்றார்.

“தண்ணீரில் குறையில்லை, தம்பி, காற்றில்தான் குறை” என்று சொல்லி, அத்தகட்டை அளந்து காட்டினேன்.

நீங்களும் கணக்கிடுங்கள். துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு இரு திசையிலும் 10 மில்லிமீட்டர். அப்படியானால் 100 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு துளை. அதன் பரப்போ சுமார் 28. நூற்றில் 72 பங்கு அடைப்பு! இனி, 20 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டைகளை, 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, விளிம்பு முன்னோக்குமாறு நிறுத்துங்கள். 15-க்கு 12, அதாவது நூற்றில் 80 பங்கு திறப்பு. அதே பட்டைகளை அகலம் முன்னோக்குமாறு வைத்தால் 32-க்கு 12 தான். நூற்றில் 37½ பங்கு. இரும்பு ஒன்றே, நிறுத்தும் முறையே வேறு.

செய்யும் முறை கடினமன்று. முகப்பின் வடிவத்தை முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். அவ்வளவிற்குக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்து, பட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு முனையிலும் பொட்டளவே பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுதும் பற்றவைத்தால் வெப்பத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இவ்வேலை கண்காப்பு அணிந்த தேர்ந்த கையால், வண்டிக்கு வெளியே நடைபெற வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் எழும் புகை தீங்கு செய்யும். ஆதலின் பூச்சில்லாத இரும்பே நல்லது. பின்னர் விளிம்புகளை அரத்தால் தேய்த்து, துரு தடுக்கும் சாயமும் அதன்மேல் வண்ணமும் பூசி, பழைய திருகாணித் துளைகளிலேயே ரப்பர் வளையம் வைத்துப் பொருத்தலாம். ரேடியேட்டரில் எக்கம்பியும் உரசலாகாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. முகப்பு நமக்கு அழகு. எதிரே சாலையைக் கடக்கும் குழந்தைக்கோ அது அபாயம். நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை எதுவும் இருத்தல் கூடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. முன்புறம் பொருத்தும் காப்புக் கம்பிகளைத் தடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சிறு வேலையாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிதல் நலம்.

என் மாணவர் புதுக் கிராதி செய்து பொருத்திவிட்டார். மறுபடியும் அதே மலையேறினோம், முள் நகரவில்லை. பழைய தகட்டை அவர் எறிந்துவிடாமல் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். தொழில் பழக வரும் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, “இதில் காற்றுக்கு எத்தனை பங்கு?” என்று கேட்பது அவர் வழக்கமாகிவிட்டது. நீங்களும் இன்று மாலை ஓர் அளவுகோலை எடுத்து, உங்கள் வீட்டுச் சன்னலை அளந்து அக்கேள்விக்கு விடை காணுங்கள்.