ஏ.என்.ஏ. பாசிட்டிவ்: கணினி சொன்னால் நோயா?

சிவகாசியில் சரவெடி பின்னுகிறவருக்கும் அச்சகத்தில் தாள் அடுக்குகிறவருக்கும் மூட்டுவலி புதிதல்ல. அந்த வலிக்குச் சில வேளை ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தரப்படுகிறது. சொந்த உடலையே எதிரியாக எண்ணி நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் சோதனை இது. ஹெப்-2 எனப்படும் மனித செல்கள் படிந்த கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் செல்லின் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஒளிர்சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டால் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். சீராக ஒளிர்கிறதா, புள்ளி புள்ளியாகவா என்பதும் ஒரு துப்பு. மனிதக் கண் மட்டுமே பார்த்த காலத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவாகத் தெரிந்தது அடுத்தவருக்கு நெகட்டிவாகத் தெரிந்ததுண்டு. படமெடுத்து, ஒளியை அளந்து, வடிவத்தையும் பரிந்துரைக்கும் கணினிகள் அந்தத் தடுமாற்றத்தைக் குறைத்தன. வடிவங்கள் கலந்திருந்தால் மட்டும் அவையும் திணறும்.

ஆனால் யாருக்குச் சோதிக்கிறோம் என்பதைக் கணினி தீர்மானிப்பதில்லை, சிக்கலே அங்குதான். 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், 1:40 நீர்ப்பில், அதாவது ஒரு பங்கு சீரத்தை நாற்பது பங்காக நீர்க்கச் செய்தபோது, ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 32 சதவீதத்தினருக்குப் பாசிட்டிவ் வந்தது. 1:80-ல் 13, 1:160-ல் 5 சதவீதம். டெல்லி அருகே கிராமப்புறத்தில் எடுத்து 1993-ல் வெளியிட்ட கணக்கிலோ, இந்தச் சோதனை முக்கியமாகத் தேடும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்கள் லட்சத்துக்கு 3 பேர் அளவில்தான். அதைக் குறைவான கணக்கென்றே கொண்டு பத்து மடங்காக்குவோம். லட்சம் பேரை 1:80-ல் சோதித்தால் 30 நோயாளிகளோடு நோயில்லாத 13,000 பேரும் மாட்டுவார்கள். கணினி அந்த 13,000 பேரையும் பிழையில்லாமல் பாசிட்டிவ் என்றே சொல்லும்! கூலியை விட்டு மதுரைக்கு அலைவது அவர்கள்தான்.

ரசாயனத்தோடு புழங்கும் ஊரில் அதிகம் சோதிப்பதுதானே முன்னெச்சரிக்கை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வரும் இன்னொரு நோயான தோல் இறுகும் நோயைக் கல்தச்சர்களிடம் 1914-லேயே ஸ்காட்லாந்தில் கவனித்திருக்கிறார்கள்; சிலிக்கா தூசியோடும் சில கரைப்பான்களோடும் அதற்குத் தொடர்புண்டு. அச்சகத்தில் மை துடைப்பவரிடம் வேலையைப் பற்றி மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். கூடவே விரல்தோல் தடிக்கிறதா, குளிரில் விரல் வெளுக்கிறதா, வாயில் புண்ணா, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பா, காலையில் மூட்டு விறைக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாயும் ஆகாது. இவை இருந்தால் சோதனை அவசியம். எதுவுமில்லாத வெறும் முதுகுவலிக்குத் தேவையில்லை. 2019-ன் சர்வதேச லூபஸ் வகைப்பாட்டிலும் 1:80 என்பது வாசற்படி மட்டுமே. அறிகுறிகளுக்கும் பிற சோதனைகளுக்கும் மதிப்பெண் போட்டபிறகே முடிவு.

கணினியால் வந்த பெரிய லாபம், படம் பயணப்படும் என்பது. 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் எடுக்கும் படத்தைச் சென்னை நிபுணரும் பார்த்துச் சொல்ல முடியும். எனவே உங்கள் அறிக்கையில் வெறுமனே ‘பாசிட்டிவ்’ என்றிருந்தால், நீர்ப்பு எவ்வளவு, வடிவம் என்ன, மருத்துவர் சரிபார்த்தாரா என்று ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள்.