ஒழுகும் வீட்டுக்கு யார் பொறுப்பு?

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவனுக்குக் கட்டடச் சட்டத்தோடு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் முப்பது வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். சட்டம் பொறியியலாளருக்கும் மாநகர சபைக்கும் உரிய விடயம். நமது வேலை சீமெந்தும் கம்பியும் டைல்ஸும் விற்பது. காசு கைக்கு வந்தால் சரக்கு லொறியில் ஏறும். அத்தோடு கணக்கு முடிந்தது.

இந்த எண்ணத்தைக் குழப்பிவிட்டவன் சிட்னியில் இருக்கும் என் மருமகன், தங்கையின் மகன். அங்கே தொடர்மாடிகளில் குளியலறைகளுக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்து டைல்ஸ் பதிக்கும் துணை ஒப்பந்த வேலை செய்கிறான். ஆறு பேர் அவனிடம் தொழில் பார்க்கிறார்கள். பெருநாளுக்கு ஊர் வந்தவன் ஒரு மாலை கடையில் வந்து உட்கார்ந்திருந்தான். கடைப் பையன் பூச்சு வாளி ஒன்றைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து எறிந்தான். மருமகன் எழும்பிப் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

“மாமா, இதுல இருக்கிற பெட்ச் நம்பர் இல்லாட்டி அங்க எனக்குக் காசு வராது” என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. எந்த வீட்டுக் குளியலறையில், எந்த வாளிப் பூச்சு, எத்தனை கோட், எந்தத் திகதியில் அடிக்கப்பட்டது என்று படத்தோடு எழுதிக் கொடுத்த பிறகுதான் பிரதான ஒப்பந்தக்காரர் அவனுக்குக் காசோலை எழுதுகிறாராம். ஏன் இப்படி என்று கேட்டேன். அன்று இஷாவுக்குப் பிறகும் பேச்சு முடியவில்லை. பின்னர் நானும் தேடி வாசித்தேன்.

2018 டிசம்பர் 24ஆம் திகதி சிட்னி ஒலிம்பிக் பார்க்கில் ஓப்பல் டவர் என்ற 36 மாடிக் கட்டடத்தில் பெரும் வெடிப்புச் சத்தம் கேட்டது. அதில் 392 வீடுகள். கட்டி முடித்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நத்தார் தினத்துக்கு முதல் நாள் மக்கள் பிள்ளை குட்டிகளோடு வெளியேற்றப்பட்டார்கள். அரசாங்கம் நியமித்த பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, சில கொங்கிரீட் பீம்கள் தேவையான பலத்தோடு வடிவமைக்கப்படவில்லை என்றும், கட்டும்போதும் பிழை நடந்திருக்கிறது என்றும் தெரியவந்தது. அடுத்த வருடம் ஜூன் 14ஆம் திகதி மஸ்கொட் டவர்ஸ் என்ற 132 வீடுகள் கொண்ட இன்னொரு தொடர்மாடியில் வெடிப்புகள் கண்டு, குடியிருந்தவர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டார்கள். அது சுமார் பத்து வருடம் பழைய கட்டடம். பெரிய குறைபாடுகளுக்கான சட்ட உத்தரவாதமோ ஆறு வருடம்தான். மூன்று மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கட்டாயக் காப்புறுதியும் இருக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைக்க முடியாது, ஆனால் வங்கிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும், திருத்த வேலைக்கும் பங்கு போட வேண்டும் என்ற நிலைக்கு அந்த உரிமையாளர்கள் வந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்பதுதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம். படம் வரைந்தவர் விபரம் போடாமல் “கட்டடக் கோவைப்படி செய்க” என்று ஒரு வரி எழுதிவிடுவார். கட்டுபவர் தளத்தில் தோன்றியபடி செய்வார். சரி பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் தனியாருக்குக் கூலி கொடுப்பவர் அந்தக் கட்டடத்தை விற்பவர்தான். குறை வெளியே வரும்போது எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கம்பனி தொடங்கி, விற்று முடிந்ததும் அதைக் கலைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. போதாக்குறைக்கு 2014இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், ஹோட்டல் போல நடத்தப்பட்ட ஒரு தொடர்மாடி பற்றிய வழக்கில், கட்டியவருக்குப் பின்னால் வந்த உரிமையாளர் சங்கத்தின் மீது கவனக் கடமை இல்லை என்று தீர்த்திருந்தது.

2019இல் நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் கட்டட ஆணையாளர் ஒருவரை நியமித்தது. 2020இல் இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது, விற்பனைக்குக் கட்டுபவர்களைப் பிடிப்பது. கட்டடம் முடிய ஆறு மாதத்துக்கு முன்பாவது அரசுக்கு அறிவிக்க வேண்டும். பரிசோதகர்கள் வந்து பார்த்து, பாரதூரமான குறை இருந்தால் குடிபுகும் சான்றிதழையே தடுத்துவிடலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் விற்ற வீட்டுக்குரிய மிகுதிக் காசு வராது, வங்கி வட்டி மட்டும் ஓடும். அபராதத்தைச் செலவோடு செலவாக எழுதிவிடுபவர்கள் கூட இதற்குப் பயந்தார்கள். வியாபாரியின் பலவீனம் தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் கையொப்பம் பற்றியது. 2021 ஜூலை முதல் பதிவு செய்யப்பட்ட வடிவமைப்பாளர் ஒருவர் தூண், பீம், தீப் பாதுகாப்பு, நீர்க்காப்பு, வெளிச்சுவர் போன்றவற்றின் முழு விபரப் படங்களையும் போட்டு, இது கோவைக்கு இணக்கமானது என்று பெயர் போட்டுப் பிரகடனம் செய்ய வேண்டும். அது அரசின் இணையத்தில் ஏறிய பிறகே வேலை தொடங்கலாம். இடையில் மாற்றினால் மாற்றத்துக்கும் கையொப்பம் வேண்டும். முடிவில் கட்டியவரும், படத்தில் உள்ளபடியே கட்டினேன் என்று பிரகடனம் செய்ய வேண்டும்.

நீர்க்காப்பை ஏன் தூணோடு சேர்த்தார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. 2021இல் அந்த மாநிலத்தில் நடந்த ஆய்வொன்றில், பார்த்த தொடர்மாடிகளில் 39 சதவீதத்தில் பொதுப் பகுதிகளில் பாரதூரமான குறைகள் இருந்தன. அவற்றில் முதலிடம் தூணுக்கல்ல, நீர்க்காப்புக்கு, 23 சதவீதம். நம் தொழிலில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். டைல்ஸ் பதித்த பிறகு கீழே ஒரு கோட் அடித்ததா, இரண்டு கோட் அடித்ததா என்று யார் பார்ப்பது? சுவரோரம் மேலே ஏற்றாமல் விட்டாலும் தெரியாது. வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கும் சோதனையை அவசரத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

அதே சட்டத்தில் கவனக் கடமை பற்றிய பகுதி 2020 ஜூன் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டால் உரிமையாளருக்குப் பண நட்டம் வராதபடி கவனமெடுக்கும் கடமை, பின்னால் வாங்குபவர்களுக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதி அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. அதற்கு முந்திய பத்து வருடத்தில் வெளிப்பட்ட நட்டங்களுக்கும் இது செல்லும். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், கட்டியவரும் விற்றவரும் தம் பொறுப்பைத் துணை ஒப்பந்தக்காரர்களோடு பங்கு பிரித்துக் குறைத்துக்கொள்ள முடியாது என்று தீர்த்தது. ஆகவே அவர்கள் முழுத் தொகையையும் உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் கீழே உள்ளவர்களிடம் அறவிடப் பார்க்கலாம். மருமகனிடம் வாளித் தாள் கேட்பது இதனால்தான்.

இந்தக் கடமை யார் யாருக்கு என்று சட்டம் சொல்லும் இடத்தை இரண்டு முறை வாசித்தேன். கட்டுபவர், வடிவமைப்பவர், வேலையை மேற்பார்வை செய்பவர் என்று போய், கட்டடப் பொருளை உற்பத்தி செய்பவர், விநியோகிப்பவர் என்றும் அதில் எழுதியிருக்கிறது. விநியோகிப்பவர் என்றால் என்னைப் போன்றவர்.

இது நம் நாட்டுச் சட்டமல்ல. ஆனால் அதை வாசித்ததும் எனக்கு 2009 ஞாபகம் வந்தது. கொழும்புக்கு அருகில் ஒருவர் ஆறு மாடி கட்டிக்கொண்டிருந்தார். பொருட் பட்டியலில் எழுதியிருந்தது இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் இறக்குமதிப் பூச்சு. “ஹாஜியார், இது விலை கூட. பக்கத்துல உள்ளதப் போடுங்க, யார் பார்க்கப் போறது?” என்றார். மலிவானது மொட்டைமாடிக்கு ஒரு பருவம் தாங்கும், குளியலறைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பெரிய ஓடர், கை நிறையக் காசு.

நாலு வருடம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிலிக்கோனும் சீலிங்குக்கு வெள்ளைப் பெயின்டும் வாங்க வந்தார். பேச்சுவாக்கில் வீட்டு விலாசம் சொன்னார். அதே கட்டடம். ஓய்வூதியப் பணிக்கொடையைப் போட்டு வாங்கிய வீடாம். மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, மேல் வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையே இல்லை என்றார், அவர் தண்ணீர் ஊற்றுவதால்தான் ஒழுகுகிறது என்று சண்டையாம். கட்டியவரின் கம்பனி அதற்குள் மூடப்பட்டுவிட்டது. நான் சிலிக்கோனைக் கொடுத்துக் காசை எடுத்துக்கொண்டேன்.

சிட்னிச் சட்டத்தில் எல்லாம் நல்லது என்று மருமகனும் சொல்லவில்லை. காகித வேலைக்கென்றே வாரத்தில் ஒரு நாள் போகிறது. வடிவமைப்பாளர்களின் கட்டணமும் காப்புறுதியும் ஏறி, அது வீட்டு விலையில்தான் விழுகிறது. சின்ன ஒப்பந்தக்காரர்கள் சிலர் தொடர்மாடி வேலையே வேண்டாம் என்று தனி வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அவனுடைய கூட்டாளி ஒருவன் டெக்ஸி ஓட்டுகிறான். ஆனால் முன்பு மலிவுப் பூச்சுக் காட்டி விலை குறைத்து அவனுடைய வேலையைத் தட்டிப் பறித்தவர்கள் இப்போது இல்லை என்கிறான். ஒழுங்காகச் செய்பவனும் செய்யாதவனும் ஒரே விலைப் பட்டியலில் நிற்கும்போது தோற்பவன் யார் என்பது நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது.

நம் நாட்டில் தொடர்மாடி வீட்டுரிமைச் சட்டம் 1973 முதல் இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையும், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையும் இருக்கின்றன. குடிபுக முன் இணக்கச் சான்றிதழும் வேண்டும். இருந்தும் 2017 மே மாதம் வெள்ளவத்தை சார்ள்மன்ட் வீதியில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வீடு வாங்குபவர்கள் பெருகி வருகிறார்கள். டைல்ஸுக்குக் கீழே என்ன அடித்தீர்கள், யார் பெயரில் என்று கேட்பவர்களை நான் இன்னும் காணவில்லை.

மருமகன் திரும்பிப் போன பிறகு, நீர்க்காப்புப் பொருள் விற்கும்போது பில்லில் பெட்ச் நம்பரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சில கொந்தராத்துக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஒருவர் அடுத்த கடைக்கே போய்விட்டார். பட்டியலில் உள்ளதை மாற்றிக் கேட்டால், மாற்றச் சொன்னவர் கையொப்பம் வேண்டும் என்கிறேன். இரண்டு பேர் வைத்தார்கள், நாலு பேர் விலை கூடியதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு களஞ்சியத்தில் பழைய பில் புத்தகங்களைக் கிளறினேன். பாதி கறையான் அரித்துக் கிடந்தது. 2009ஆம் வருடத்துப் புத்தகம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் பில் அதில் இருக்கிறது. பூச்சின் பெயருக்கு நேரே “மாற்றுப் பொருள்” என்று எழுதியிருக்கிறது, என்னுடைய கையெழுத்தில்.